கார்த்திகை மூட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் சின்ன வீடு: பழனி மலைப்பக்கம் ஆஃப் கிரிட் வீடு கட்ட நினைப்பவர்களின் கேள்விகள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், கே.சி.பட்டி என்று கீழ்மலைப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வாங்கிவிட்டு, கரண்ட் கம்பி வராத இடத்தில் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே வருவதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். மேல்மலையில் மன்னவனூர், கூக்கால், பூம்பாறை என்றால் சில விஷயங்கள் மாறும், அதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஆஃப் கிரிட் என்றால் மின்வாரிய இணைப்பே இருக்கக் கூடாதா?

அப்படி ஒரு விரதமும் கிடையாது. மனைக்குப் பக்கத்திலேயே கம்பம் இருந்தால் பேசாமல் இணைப்பை வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், சிக்கனமாக இருக்கிற சின்ன வீட்டுக்கு அதிலேயே பெரும்பகுதி ஓடிவிடும். அதை விட்டுவிட்டு லட்சக்கணக்கில் பேட்டரி வாங்குவதில் எனக்கு ஒரு பெருமையும் தெரியவில்லை. ஆனால் கம்பி இருந்தாலும் அது இல்லாததுபோல வீட்டை வடிவமைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைத் தாண்டிப் போனபோது மரம் விழுந்து ரோடும் அடைபட்டது, கரண்டும் போனது. அந்த மாதிரி நாளில் தண்ணீரும் வெளிச்சமும் அடுப்பும் தன்னால் நடக்கிற வீடு எதுவோ, அதைத்தான் நான் ஆஃப் கிரிட் வீடு என்கிறேன்.

முதலில் எதிலிருந்து தொடங்குவது? எத்தனை கிலோவாட் சோலார் போட வேண்டும்?

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், ஆனால் பேனல் கடைசியில் வாங்க வேண்டிய பொருள். முதலில் காலண்டரை எடுத்து இரண்டு காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை கொட்டும், மேகம் வாசல் வரைக்கும் வந்து நிற்கும், நாள் கணக்கில் வெயில் முகம் காட்டாது, துணி காயாது, விறகு நமத்துப்போகும், சுவரில் பூசணம் பூக்கும். இன்னொன்று மாசி, பங்குனி: வெயில் பளிச்சென்று அடிக்கும், பேட்டரி காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும், ஆனால் ஊற்று நூலாக இளைத்துவிடும்.

மின்சாரமும் கூரையும் சுவரும் கார்த்திகைக்குத் தாங்க வேண்டும், தண்ணீர் பங்குனிக்குத் தாங்க வேண்டும். மீதி மாதங்கள் தாமாகவே ஓடிவிடும். கீழே எழுதியிருக்கிற எல்லாமே இந்த இரண்டு காலத்தை வைத்துப் போட்ட கணக்குதான். மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தை மாதத்திலோ மே விடுமுறையிலோ வருகிறார்கள், தரகரும் அப்போதுதான் கூட்டி வருவார். நீங்கள் கார்த்திகை மழையில் ஒரு நடை, பங்குனிக் கடைசியில் ஒரு நடை போய் அதே இடத்தைப் பாருங்கள்.

இடம் வாங்கும்போது என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாம் சமவெளி மாதிரியேதான், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மலைக்கென்று கூடுதலாகச் சில விஷயங்கள் உண்டு. பட்டா கண்டிஷன் பட்டாவா (அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா), பஞ்சமி நிலமா என்று முதலில் பாருங்கள். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கவே முடியாது, வாங்கினாலும் செல்லாது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அநேகமாக இதுதான் காரணம். அடுத்தது காட்டு எல்லை. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013ல் அறிவிக்கப்பட்டது, அதையொட்டிய நிலமாக இருந்தால் வனத்துறை கல் எங்கே நட்டிருக்கிறது என்று சர்வேயரை வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

கட்டுவதற்கு அனுமதி கண்டிப்பாக வேண்டும். மலைக்கிராமப் பட்டியலில் உள்ள ஊர்களில் ஹாக்கா என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. "தோட்டத்து ஷெட்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்ததை எல்லோரும் பார்த்தோம். மரம் வெட்டவும் அப்படியே, உங்கள் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஜேசிபி இறக்குவது, போர் போடுவது இரண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு, மனையில் கடப்பாரை படுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிலத்தில் எந்த மூலையில் வீடு வைக்கலாம்? வியூ நன்றாக இருக்கிற விளிம்பில் கட்ட ஆசை.

எல்லோருக்கும் அந்த ஆசைதான். வியூவுக்கு ஒரு கல் பெஞ்சு போட்டுக்கொள்ளுங்கள், வீட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பில் ஆடிக் காற்று தகரத்தைப் பிடுங்கும், தண்ணீரும் மேலே ஏறாது.

நல்ல இடம் எது என்றால், சரிவின் நடுப்பகுதியில், கிழக்கோ தென்கிழக்கோ பார்த்து, ஊற்றுக்குக் கீழே இருக்கிற மேடு. கிழக்கு ஏன் என்றால் இங்கே பெரும்பாலான நாட்கள் காலைதான் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துவிடும். காலை வெயிலை வீட்டுக்குள்ளும் பேனல் மேலும் வாங்கிக்கொண்டால்தான் உண்டு. மார்கழி மாதம் உச்சியில்கூட சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துதான் போகும், அதனால் தெற்குச் சுவரில் வைக்கிற பெரிய ஜன்னல் குளிர்காலத்தில் கை கொடுக்கும். வடக்கிலும் மேற்கிலும் சின்ன ஜன்னல் போதும்.

ஓடை வளைவிலும், பழைய மண்சரிவு இருந்த இடத்திலும் வேண்டவே வேண்டாம். சரிவில் நிற்கிற மரங்கள் எல்லாம் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் அங்கே மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2009 நவம்பரில் நீலகிரி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது, அந்த மழையில் சரிந்த மண்ணில் எத்தனையோ வீடுகள் போயின. நம் பக்கமும் அதே மாதிரிச் சரிவுதான், அதே மாதிரி மழைதான். வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி மட்டம் செய்து, அந்தத் தள்ளிய மண்ணின்மேல் அஸ்திவாரம் போடுவதுதான் இங்கே நடக்கிற மிகப் பெரிய தப்பு. அஸ்திவாரம் முழுக்க வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் எழுப்பினால் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள், அதற்கும் பின்னால் மேட்டுத் தண்ணீரை இரண்டு பக்கமும் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள்.

எத்தனை சதுர அடி போதும்?

இரண்டு பேருக்கு 450, குழந்தைகளோடு 600. அதற்கு மேல் போனால் சூடாக்க விறகும் அதிகம், துடைக்க ஈரமும் அதிகம். ஆனால் திண்ணையில் கஞ்சத்தனம் வேண்டாம். கூரை போட்ட அகலமான திண்ணை ஒன்று இருந்தால் மழைக்காலம் முழுக்க துணி காயப்போட, காப்பிக்கொட்டை பரப்ப, விறகு அடுக்க, சும்மா உட்கார என்று எல்லாமே அங்கேதான் நடக்கும். சமையலறை, குளியலறை, கழிப்பறை மூன்றையும் ஒரே பக்கம் ஒட்டி வையுங்கள், பைப்பும் மிச்சம், அடுப்புச் சூடும் வீணாகாது.

மண் வீடு கட்டலாமா? மழைக்கு நிற்குமா?

நிற்கும். பூம்பாறையில் பழைய மண்சுவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. "நல்ல தொப்பி, நல்ல செருப்பு" வேண்டும் என்று மண் வீடு கட்டுபவர்கள் சொல்வார்கள்: கூரை மூன்றடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும், சுவருக்கு அடியில் இரண்டடி உயரத்துக்குக் கருங்கல் கட்டு இருக்க வேண்டும். சாரல் அடிக்கிற பக்கத்துச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு கொடுங்கள். சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாக உரியும்.

மேல் மண்ணை எடுக்காதீர்கள். ஒரு முழம் கறுப்பாக இருக்கிற இலைமக்கு மண் தோட்டத்துக்குத்தான் ஆகும், கட்டடத்துக்கு அதற்குக் கீழே இருக்கிற செம்மண்தான் வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒருநாள் வைத்தால் மணல் அடியிலும் களிமண் மேலுமாகப் படியும். மணல் பாதிக்கு மேலே, களிமண் கால்வாசிக்குள் இருந்தால் அழுத்திய மண் கல்லுக்குச் சரியான மண். ஐந்து சதவீதம் சிமென்ட் சேர்த்து, கையால் இழுக்கும் மெஷினில் அழுத்தி, மூன்று நான்கு வாரம் ஈரச்சாக்கு மூடி ஆற வைத்தால் போதும், சூளையும் வேண்டாம், வத்தலக்குண்டிலிருந்து செங்கல் லாரி ஏற்றவும் வேண்டாம். மலைமேல் பொருள் விலையைவிட ஏற்றுக்கூலிதான் ஆளைக் கொல்லும். ஜீப் போகாத மனையாக இருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் குதிரைச் சுமையோ தலைச்சுமையோதான், அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். களிமண் ரொம்ப அதிகமாக இருந்தால் மண்ணோடு மல்லுக்கட்டாமல் கருங்கல்லுக்குப் போய்விடுங்கள்.

கூரைக்கு ஓடா, தகரமா, கான்கிரீட்டா?

தகரம். ஓடு அழகுதான், ஆனால் குரங்கு ஒரே மத்தியானத்தில் வரிசையாகப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகும், அடுத்த மழை நேராகக் கட்டிலில் விழும். கான்கிரீட் குளிரையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தகரத்துக்கு அடியில் சீலிங் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். இரவில் தகரம் சில்லென்று ஆகும்போது உள்ளே இருக்கிற மூச்சுக்காற்று, சமையல் ஆவி எல்லாம் அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும், கூரை ஒழுகுகிறது என்று ஆசாரியைக் கூப்பிடுவீர்கள், அவர் ஏறிப் பார்த்தால் ஓட்டையே இருக்காது. ஓர் அடி இடைவெளி விட்டு மூங்கில் பாயோ ஃபைபர் சிமென்ட் போர்டோ அடித்து, அந்த இடைவெளியில் காற்று போக இரண்டு முனையிலும் வலை போட்ட திறப்பு வையுங்கள். வலை இல்லாவிட்டால் எலி குடியேறும்.

தண்ணீர்? போர் போட்டுவிடலாமா?

போர் எண்ணத்தை விடுங்கள். அனுமதி ஒரு பக்கம், பாறையில் எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது இன்னொரு பக்கம், கிடைத்தாலும் இறைக்க மின்சாரம் வேண்டும். மலையில் தண்ணீர் மேலிருந்து வர வேண்டும், கீழிருந்து ஏற்றக் கூடாது.

இங்கே எல்லோரும் செய்வது ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் இழுப்பதுதான். பார்க்க எளிதாக இருக்கும். ஊற்றுக்கண்ணில் ஒரு குழி, அதில் பழைய அலுமினியக் குண்டானில் ஆணியால் ஓட்டை போட்டுக் கவிழ்த்து, மேலே கொசுவலையைச் சுற்றிக் கல்லை ஏற்றி வைத்திருப்பார்கள், அதற்குள் ஹோஸ் வாய் இருக்கும். இலை அடைத்தால் தண்ணீர் நிற்கும், சரி, போய் எடுத்துவிடலாம். பெரிய தலைவலி ஏர் பிடிப்பது. ஹோஸ் வழியில் எங்கே மேடேறி இறங்குகிறதோ அந்த முதுகில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும், குண்டானில் தண்ணீர் நிரம்பி வழியும், வீட்டுக் குழாயில் சொட்டுகூட வராது. அப்புறம் வீட்டிலிருந்து மேலே ஏறி, ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, வாயால் உறிஞ்சி, சேறு குடித்து... இதை வாரத்துக்கொரு முறை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடு வருகிற இடத்திலெல்லாம் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு அதில் சின்ன வால்வு வைத்துவிட்டால் திறந்து மூடினால் தீர்ந்தது. அதைவிட நல்லது, ஹோஸை இழுக்கும்போதே மட்டக்குழாயில் மட்டம் பார்த்து எங்கேயும் மேடேறாமல் இழுப்பது. ஓர் அடி ஆழத்தில் புதைத்துவிட்டால் காட்டுமாடு மிதித்து உடைக்காது.

தொட்டி வீட்டுக்கு மேலே இருக்கட்டும். பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் குழாயில் ஒரு பார் அழுத்தம் வரும், குளிக்க அது தாராளம், மோட்டாரே தேவையில்லை. 10,000 லிட்டர் தொட்டி என்றால் பத்து டன் எடை என்பது நினைவிருக்கட்டும், அதுவும் வெட்டிய கெட்டி மண்ணில்தான் உட்கார வேண்டும்.

ஊற்று உங்கள் நிலத்தில் இல்லை என்றால் அது யாருடையது, கீழே யார் யார் குடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஹோஸ் போடுங்கள். பங்குனியில் ஊற்றுச் சண்டை என்றால் சாதாரணச் சண்டை கிடையாது. இரவில் தொட்டி நிரம்பிய பிறகு தண்ணீரைக் கீழ்வீட்டுக்குத் திருப்பிவிடுகிற ஏற்பாடு இருந்தால் உறவும் நிலைக்கும்.

மழைநீரை மட்டும் நம்பி இருக்க முடியுமா?

கணக்கு போட்டுப் பாருங்கள். 600 சதுர அடி கூரை ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். வழிந்தது, முதல் மழையைத் தள்ளியது எல்லாம் போக எண்பது சதவீதம் கைக்கு வந்தால், 1,000 மில்லிமீட்டர் மழைக்கு 45,000 லிட்டர் சேரும். இரண்டு பேர் நாளைக்கு 150 லிட்டரில் ஓட்டினால் வருடத்துக்கு 55,000 லிட்டர் வேண்டும். கிட்டத்தட்ட வந்துவிட்டது. சிக்கல் மொத்த அளவில் இல்லை, சேமிப்பில்தான் இருக்கிறது: தை முதல் பங்குனி வரை மழையே இல்லை என்று வைத்துக்கொண்டால் 90 நாளுக்கு 13,500 லிட்டர் கையில் இருக்க வேண்டும். 15,000 லிட்டருக்குக் கம்பிவலைமேல் சிமென்ட் பூசிக் கட்டுகிற ஃபெரோசிமென்ட் தொட்டி கட்டிவிட்டால் ஊற்று இளைத்தாலும் பயமில்லை. ஊற்றும் கூரையும் இரண்டும் இருந்தால் பாதித் தொட்டி போதும்.

ஊற்று வீட்டுக்குக் கீழே இருக்கிறது. கரண்டும் இல்லை. என்ன செய்வது?

ராம் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஓடைத் தண்ணீர் ஒரு குழாயில் வேகமாக இறங்கிவந்து ஒரு வால்வை அடித்து மூடும், அந்த அதிர்ச்சி அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் மேலே ஏறும், வால்வு திரும்பத் திறக்கும். டக் டக் என்று ராத்திரி பகலாக அடித்துக்கொண்டே இருக்கும், எண்ணெயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் தண்ணீர் மூன்று மீட்டர் இறங்கினால், இருபது மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு இரண்டரை லிட்டருக்குமேல் ஏற்றும், அதாவது ஒரு நாளைக்கு 3,800 லிட்டர். மீதித் தண்ணீர் ஓடைக்கே திரும்பிப் போகும். வால்வு ரப்பரை அவ்வப்போது மாற்ற வேண்டும், அதைத் தவிர பெரிய பராமரிப்பு இல்லை. ஓடை இந்த அளவு ஓடவில்லை என்றால் சின்ன சோலார் பம்ப் வைத்து வெயில் இருக்கிறபோது தொட்டியை நிரப்பி வையுங்கள்.

சரி, இப்போதாவது சொல்லுங்கள். எத்தனை கிலோவாட்?

உங்கள் செலவைச் சொன்னால்தானே சொல்ல முடியும். ஒரு சாதாரண வீடு: 9 வாட் பல்ப் ஆறு, ஐந்து மணி நேரம், கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. லேப்டாப், செல்போன் எல்லாம் சேர்த்து 0.3. இணைய ரவுட்டர் நாள் முழுக்க ஓடினால் அதுவும் கால் யூனிட், ராத்திரி அணைத்து வைத்தால் பாதி. சின்ன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் அரை யூனிட். மிக்ஸி, அது இது என்று 0.1. மொத்தம் ஒன்றரை யூனிட்டுக்குள். ஃபேன் தேவையே இல்லை. ஃபிரிட்ஜே கீழ்மலையில் வேண்டுமா என்று யோசியுங்கள், வடக்குச் சுவரில் வலைக்கதவு போட்ட அலமாரி வைத்தால் காய்கறி நாலைந்து நாள் கெடாமல் இருக்கும், பாலும் இறைச்சியும்தான் பிரச்சினை.

இந்த ஒன்றரை யூனிட்டுக்குச் சமவெளியில் அரைக் கிலோவாட் பேனலே போதும், ஏனென்றால் அங்கே ஒரு கிலோவாட் நாளைக்கு நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். கார்த்திகை மூட்டத்தில் அதே பேனல் கால்வாசி கொடுத்தாலே பெரிது, இருட்டிக்கொண்டு பெய்கிற நாளில் அதுவும் கிடையாது. அதனால் இங்கே இரண்டு கிலோவாட் போடுங்கள். தை, மாசியில் மின்சாரம் மிஞ்சி வீணாகும், ஆகட்டும். மூட்டத்தைச் சமாளிக்கப் பேட்டரியை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஐந்து நாள் பேட்டரி வாங்கி வைத்தாலும் ஆறாம் நாளும் மூட்டமாக இருந்தால் காலிப் பேட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நாலு மடங்குப் பேனல் மங்கல் வெளிச்சத்திலும் தினமும் கொஞ்சமாவது ஊற்றிக்கொண்டே இருக்கும், விலையும் பேட்டரியைவிடக் குறைவு.

பேட்டரி இரண்டு நாளுக்கு வந்தால் போதும். 48 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று ஐந்து யூனிட் பிடிக்கும், நான்கு யூனிட் தாராளமாக எடுக்கலாம். பழைய டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும், காற்றோட்டமும் டிஸ்டில்ட் வாட்டரும் வேண்டும். ஆனால் மன்னவனூர், கூக்கால் மாதிரி உறைபனி விழுகிற மேல்மலையில் ஒன்றைக் கவனியுங்கள்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே கெட்டுவிடும். வெளி ஷெட்டில் வைக்காமல் சமையலறைச் சுவருக்குப் பின்னால் வைத்தால் பிரச்சினையே இல்லை.

பேனலைத் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பி, 15 டிகிரி சாய்த்து வையுங்கள். அதைவிடத் தட்டையாக வைத்தால் பாசி ஓரத்தில் படியும். கூரைமேல் போடாமல் தரையில் சட்டம் அடித்துப் போடுவதே மேல், மூட்டத்தில் ஈரத் தகரத்தில் ஏறித் துடைக்க வேண்டியதில்லை. சில்வர் ஓக் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பேனல் மூலையில் விழுகிற நிழல்கூட மொத்த வரிசையையும் இழுத்துப் போட்டுவிடும்.

இடி?

சித்திரை கோடைமழையில் இங்கே இடி கடுமையாக இறங்கும். எர்த்திங் நன்றாக இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் போனதுதான். பாறை மண்ணில் ஒரு கம்பி அடித்தால் போதாது, ஈரமான பள்ளம் வரைக்கும் பட்டையை நீளமாகப் புதைக்க வேண்டும். பேனல் பக்கமும் வீட்டுப் பக்கமும் திடீர் மின் அழுத்தத்தைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் போடச் சொல்லுங்கள். இடி கேட்டதும் பேனல் இணைப்பைத் துண்டிக்கிற ஐசொலேட்டர் சுவிட்சை இறக்கிவிடுகிற பழக்கமும் நல்லது.

காற்றாடி வைக்கலாமா? ஆடியில் காற்று பிய்க்கிறதே.

வேண்டாம். மரமும் மேடும் பள்ளமும் இருக்கிற இடத்தில் காற்று சுழன்று சுழன்று வரும், சின்னக் காற்றாடி ஆடி ஆடித் தேயுமே தவிர மின்சாரம் வராது. தவிர, உங்களுக்கு மின்சாரம் தட்டுப்படுவது கார்த்திகையில், காற்று ஆடியில்.

ஓடையில் சின்ன டர்பைன்?

இது கார்த்திகைக்கென்றே பிறந்த யோசனை, ஏனென்றால் வெயில் இல்லாத அதே நாட்களில்தான் ஓடை நிறைந்து ஓடும். விநாடிக்கு ஐந்து லிட்டர், பத்து மீட்டர் இறக்கம், பாதி வீணானாலும் 245 வாட் வரும். சின்னதாகத் தோன்றும், ஆனால் இரவு பகலாக 24 மணி நேரமும் ஓடுவதால் நாளைக்கு ஆறு யூனிட் ஆகிவிடும், ஒரு வீட்டுக்கு அது மிச்சம். ஆனால் ஓடை பெரும்பாலும் புறம்போக்கு, உங்கள் இஷ்டத்துக்குத் தண்ணீரைத் திருப்ப முடியாது, அனுமதியும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சம்மதமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வெள்ளம் வந்தால் அடித்துப் போகிற மாதிரி எதையும் ஓடைக்குள் கட்டாதீர்கள்.

குளிருக்கு என்ன செய்வது? ஃபயர் பிளேஸ் கட்ட ஆசை.

திறந்த ஃபயர் பிளேஸ் பார்க்கத்தான் நன்றாக இருக்கும், சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும், அறையில் இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கதவு போட்ட இரும்பு அடுப்பு ஒன்றை வீட்டு நடுவில் வைத்து, புகைக்குழாயை உள்சுவர் ஓரமாக ஏற்றுங்கள். கீழ்மலையில் அதையும் கார்த்திகை, மார்கழி, தையில் மட்டும்தான் பற்றவைப்பீர்கள்.

விறகு பங்குனி, சித்திரையில் வெட்டிப் பிளந்து திண்ணையில் அடுக்கியிருக்க வேண்டும். காப்பிக் கவாத்துக் கட்டை, சில்வர் ஓக் கிளை, மேல்மலை என்றால் வாட்டில் மரம். மழைக்காலத்தில் வாங்குகிற விறகு தண்ணீரை எரிப்பதற்குச் சமம்.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. புகை வராததால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள், அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

வெந்நீரும் சமையலும்?

கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டும் ஒன்றரை, இரண்டு கிலோவாட் இழுப்பவை, அவற்றை மறந்துவிடுங்கள். சோலார் வாட்டர் ஹீட்டர் தை, மாசியில் அருமை, கார்த்திகையில் அலங்காரம். நடுவில் குழாய் போகிற வெந்நீர் பாய்லர் ஒன்று குளியலறைக்கு வெளியே வைத்தால் குப்பை விறகிலும் பத்து நிமிடத்தில் வெந்நீர் வரும்.

சமையலுக்கு கேஸ் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. மாடு இருந்தால் கோபர் கேஸ் கீழ்மலையில் ஓடும், குளிர் கூடினால் வாயு குறையும். மேல்மலையில் அதை நம்ப முடியாது.

கழிப்பறை?

செப்டிக் டேங்க் கட்டிவிட்டு வழிகிற தண்ணீரை ஓடைப் பக்கம் விடுவதுதான் மலை முழுக்க நடக்கிறது. உங்கள் வழிசல் கீழ்வீட்டுக்காரரின் ஊற்று, அதை முதலில் மனதில் வையுங்கள். தண்ணீர் தாராளமாக இருந்து, மண் ஆழமாக இருந்தால் இரட்டைக் குழி, ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றுவது. ஊற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி, அதற்குக் கீழ்ச்சரிவில்.

பாறை மேலே இருந்தால், அல்லது பங்குனியில் தண்ணீர் இழுபறி என்றால், உலர் கழிப்பறைதான். சிறுநீர் தனியாக, மலம் தனியாகப் பிரியும், ஒவ்வொரு முறையும் சாம்பலோ மரத்தூளோ ஒரு கை போட வேண்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் இதைப் பொதுக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள், அதனால் நாறும் என்ற பயம் வேண்டாம். உள்ளே ஈரம் சேர்ந்தால்தான் நாறும், அதனால் கழுவுகிற தண்ணீருக்குத் தனி வழி வேண்டும். மலைக்குளிரில் மக்க நேரம் பிடிக்கும், ஒரு வருடம் மூடி வைத்துவிட்டுக் காப்பிச் செடிக்குப் போடுங்கள், கீரைக்கு வேண்டாம். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு வாழைக்குழி இரண்டு போதும்.

யானை, காட்டுமாடு?

பெரும்பாறை, கே.சி.பட்டிப் பக்கம் யானை வரும், அதன் வழித்தடத்தில் மனை இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள், ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த மேட்டில் எந்த மாதம் இறங்கும் என்று தெரியும். வீட்டைச் சுற்றிப் பலா, வாழை வைக்காமல் தள்ளி வையுங்கள். அரிசி மூட்டையை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். ராத்திரி கழிப்பறைக்கு வெளியே போக வேண்டாத மாதிரி வீட்டைக் கட்டுங்கள், காட்டுமாடு வாசலில் படுத்திருப்பதை டார்ச் அடித்த பிறகு பார்ப்பது நல்லதல்ல.

வயதான அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். சரிப்படுமா?

ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மழை ராத்திரியில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கிற இடம் வரை போக முடியாது என்றால் அந்த மனை உங்களுக்கு இல்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் வத்தலக்குண்டோ ஒட்டன்சத்திரமோ திண்டுக்கல்லோ இறங்க வேண்டும்.

எப்போது வேலையைத் தொடங்கலாம்?

அனுமதி கைக்கு வந்ததும் ஒரு கார்த்திகை முழுக்க மனையில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வாய்க்காலும் தடுப்புச் சுவரும். மாசியில் அஸ்திவாரம், அந்த வெயிலிலேயே மண் கல் அழுத்தி ஆறவைப்பது. வைகாசிக்குள் சுவர். ஆடிக் காற்றுக்கு முன் தகரம் ஏறி, கொக்கிபோல்ட் எல்லாம் இறுக்கியிருக்க வேண்டும். பாதியில் நிற்கிற தகரத்தைக் காற்று கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்தில் போடும், யாராவது கீழே இருந்தால் அவ்வளவுதான். தொட்டி ஐப்பசி மழைக்கு முன் தயாராக இருந்தால் முதல் வருடமே நிரம்பும். கூலி ஆட்கள் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் கிடைக்க மாட்டார்கள், மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பேனலும் பேட்டரியும் கதவு ஜன்னல் மாட்டிப் பூட்டு போட்ட பிறகு ஏற்றினால் போதும்.